ஆலைத் தெருவுக்கு வேண்டும் ஒரு வெள்ளைக்கோடு

கழுத்தில் நகரத்தின் பொற்சங்கிலியும் கண்ணில் கண்டிப்பும் மின்ன, எவரையும் மூன்று நிமிடத்துக்கு மேல் பேசவிடாத அவைத்தலைவர், எங்கள் மேயர் பெரில் ஆர்மரோடு அம்மையார் அவர்களே! அந்த மேசை மணியிலிருந்து இன்று ஒருநாள் மட்டும் விரலை எடுத்துவிடுங்கள் என்று முதலிலேயே கேட்டுக்கொள்கிறேன்.

ஞாயிறுதோறும் காலி இருக்கைகளுக்கும் கனிவு குறையாமல் அருளுரை வழங்கும் பாதிரியார் அவர்களே! கேக்கும் தேநீரும் கொண்டுவந்து இந்த ஆண்டுக் கூட்டத்துக்கு ஆள் சேர்த்த மாதர் சங்கத்துத் தாய்மார்களே! டிபர்லி நகரின் பெருமைக்குரிய பெரியோர்களே! முப்பத்தோரு ஆண்டுகள் நான் ஓட்டிய பேருந்தில் ஏறி, ஒருநாளும் சரியான சில்லறை தராத என் அன்புப் பயணிகளே! மேல்கோட்டைக்கூடக் கழற்றாமல், கார் நிறுத்துமிடத்துக்காகச் சண்டை போட மட்டும் வந்து, கதவோரம் கனன்றுகொண்டிருக்கும் நண்பர்களே! உங்கள் முறையும் வரும். அனைவருக்கும் சாலைக் குழுத் தலைவன் நார்மன் பெட்டிஃபரின் மாலை வணக்கம்.

முதலில் நல்ல செய்திகள். வாத்துப் பந்தயத்தில் ஆற்றில் விட்ட பிளாஸ்டிக் வாத்துகள் அறுநூறு. கரையேறியவை ஐந்நூற்று எண்பத்தேழு. மீதிப் பதின்மூன்றும் கடலைப் பார்க்கப் போய்விட்டதாகக் கருதி, தேடுவதை நகர மன்றம் நிறுத்திவிட்டது. விளக்குக் கம்பங்களில் தொங்கும் பூக்கூடைகள் இந்த ஆண்டும் வெள்ளிப் பதக்கம் வாங்கியிருக்கின்றன. தங்கம் ஏன் வரவில்லை என்று பாதிரியாரிடம் கேட்காதீர்கள், தண்ணீர் ஊற்றும் முறை அவருடையது. சிரிக்கிறீர்கள், சிரியுங்கள். பூவுக்குப் பந்தல் கண்டோம், புறாவுக்குக் கூண்டு கண்டோம், நாய்க்குத் தண்ணீர்த் தொட்டி கண்டோம். கேட்டவர்க்கெல்லாம் கேட்டதைத் தந்த ஊர் நம் ஊர்.

கேட்கத் தெரியாதவருக்கு என்ன தந்தோம்? அதைப் பேசத்தான் வந்திருக்கிறேன்.

ஆலைத் தெருவில் பதினேழாம் எண் வீட்டில் இருப்பவர் கிளெனிஸ் ட்ரான்டர். எதிர்ப்புறத்தில் எல்ம் முதியோர் பராமரிப்பு இல்லம். அங்கே படுத்திருப்பவர் அவர் கணவர் சிரில், முப்பது ஆண்டுகள் நம் வீடுகளுக்குத் தபால் சுமந்த அதே சிரில். நம் பெயர்களை அவர் மறந்துவிட்டார். பசியைக்கூட மறந்துவிட்டார். மனைவி கையால் ஊட்டினால்தான் வாய் திறக்கிறார். மத்தியானம் பன்னிரண்டரைக்குச் சாப்பாடு. இடுப்பு அறுவைக்குப் பிறகு, நடைச்சட்டத்தைப் பிடித்துக்கொண்டு அந்தச் சாலையைக் கடக்கக் கிளெனிஸுக்கு இருபத்திரண்டு வினாடி வேண்டும். மேட்டில் புதுக் குடியிருப்பு வந்த பிறகு, கல்குவாரி லாரிகளையும் அந்தப் பக்கம் திருப்பிவிட்ட பிறகு, அத்தனை வினாடி அங்கே யாருக்கும் கிடைப்பதில்லை.

யாராவது கூட்டிக்கொண்டு போனால் என்ன என்று கேட்பீர்கள். நானும் கேட்டேன். "தினமும் ஒருத்தர் வந்து கொண்டுபோய் சேர்க்கறதுக்கு நான் என்ன பார்சலா நார்மன்? கோடு போடுங்க, நானே போய்க்கறேன்" என்றார். இன்று இதை மேடையில் சொல்லலாமா என்று கேட்டபோதும் சரி என்றவர், தன்னை 'பாவம்' என்று மட்டும் சொல்லக் கூடாது என்றார். ஆகவே நான் சொல்லவில்லை. பாவம் யார் என்பது போகப்போகத் தெரியும்.

பாதசாரிகள் கடக்க வெள்ளைக்கோடு போடும் அதிகாரம் நம்மிடம் இல்லை. அது மாவட்ட மன்றத்திடம் இருக்கிறது. எத்தனை பேர் கடக்கிறார்கள், எவ்வளவு நேரம் காத்து நிற்கிறார்கள் என்று ஒருநாள் எண்ணிப் பார்த்துத்தான் அவர்கள் முடிவு செய்வார்கள். மார்ச் மாதத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை குறித்தார்கள். உடனே நான் என்ன செய்தேன்? ஆறு அறிவிப்புப் பலகையிலும் கொட்டை எழுத்தில் ஒட்டினேன். 'எண்ணும் நாள் வருகிறது, எல்லோரும் வாருங்கள், சாலையைக் கடந்து காட்டுங்கள்.' இந்த அறிவாளித்தனத்துக்கு உரியவன் நானே.

வந்தீர்கள். அப்பப்பா, எப்படி வந்தீர்கள்! மஞ்சள் அங்கி போட்ட ஒரு பெண் மடக்கு நாற்காலியில் எண்ணும் கருவியோடு உட்கார்ந்திருக்க, பாடகர் குழு முழுதும் நடந்தது. பந்தாட்டக் குழு முழுதும் நடந்தது. ரெஜ் வில்மட்டின் குட்டைக்கால் நாய் பதினான்கு முறை கடந்து, பதினைந்தாவது முறைக்கு வர மறுத்து நடைபாதையில் படுத்துவிட்டது. வரிசையில் நின்று, வரிசை தவறாமல், ஒருவருக்கொருவர் மன்னிப்புக் கேட்டபடி கடந்தோம். மழை தூறியதும் அந்தப் பெண்ணுக்கு மூன்று பேர் குடை பிடித்தார்கள். தேநீர் வந்தது, கேக் வந்தது, கம்பளியும் வந்தது.

ஒன்றை மட்டும் மறந்துவிட்டோம். அறிவிப்புப் பலகையை வண்டி ஓட்டுகிறவர்களும் படிப்பார்கள். அவர்களும் நம் ஊர்க்காரர்கள்தானே, அவர்களுக்கும் நல்ல மனசுதானே? ரொட்டிக் கடை வண்டி நின்றது. பால் வண்டி நின்றது. டிராக்டர் நின்றது. குவாரி லாரிக்காரர் கண்ணாடியை இறக்கி "நீங்க போங்கம்மா" என்றார். நம்மவர் "பரவாயில்ல, நீங்க முதல்ல போங்க" என்றார். அன்று ஆலைத் தெருவில் வாகனங்கள் ஓடவில்லை ஐயா, உபசாரம் ஓடியது.

மூன்று வாரம் கழித்துக் கடிதம் வந்தது. 'கடந்தவர்கள் ஆயிரத்து நூற்றுப் பத்துப் பேர். சராசரிக் காத்திருப்பு நான்கு வினாடி. இவ்வூர் ஓட்டுநர்கள் பாதசாரிகளிடம் காட்டும் பரிவு முன்மாதிரியானது. எனவே இங்கே வெள்ளைக்கோடு தேவையில்லை.'

நாம் என்ன செய்தோம்? நம் நகர மன்றத்தில் அந்தக் கடிதத்தை வாசித்ததும் கைதட்டினோம். முன்மாதிரி என்று நம்மைச் சொல்லிவிட்டார்களே என்று முகம் மலர்ந்தோம். பாராட்டியதற்கு நன்றி சொல்லி ஒரு தீர்மானம் வந்தது, ஒருமனதாக நிறைவேறியது. கடிதத்துக்குக் கண்ணாடிச் சட்டம் போட்டு நூலகத்தில் மாட்டலாம் என்றுகூட ஒருவர் சொன்னார். அந்த நன்றித் தீர்மானத்தை வழிமொழிந்தவன் யார் தெரியுமா? மரியாதைக்குரிய சாலைக் குழுத் தலைவன்.

கேட்டது கோடு. கிடைத்தது பாராட்டு. கோடு போன துக்கத்தைப் பாராட்டு கிடைத்த மகிழ்ச்சியில் மறந்துபோன ஊர் இந்த உலகத்தில் இன்னொன்று இருக்குமா? எனக்குத் தெரியவில்லை.

போன மாதம் ஒரு வெள்ளிக்கிழமை கிளெனிஸ் வீட்டுக்குப் போனேன், முடிவைச் சொல்ல. மூன்று மாதமாக நீங்கள் எப்படித்தான் கடக்கிறீர்கள் என்று கேட்டேன். சில நாள் யாராவது நிற்பார்களாம், கடந்துவிடுவாராம். சில நாள் இல்லத்துப் பணிப்பெண் ஓடிவருவாளாம். சில நாள் நின்று நின்று கால் வலித்து, வீட்டுக்குத் திரும்பிவிடுவாராம். அந்த நாட்களில் சிரில் சாப்பிடுவதில்லை. இதைச் சொல்லும்போது அவர் குரல் ஏறவில்லை, இறங்கவில்லை. முதன்முதலாக அப்படித் திரும்பியது எப்போது என்று கேட்டேன். என் கோப்பையில் தேநீர் ஊற்றிக்கொண்டே சொன்னார்.

"பிப்ரவரி ஒன்பதாம் தேதி நார்மன். நீங்க சிவப்புக் காருல போனீங்களே, அன்னைக்கு."

நண்பர்களே, தாய்மார்களே, அந்த நாள் எனக்கு நினைவிருக்கிறது. பன்னிரண்டு மணிக்குச் சாலைக் குழுக் கூட்டம். பேசவேண்டிய பொருள் ஒன்றே ஒன்று, ஆலைத் தெருவில் கிளெனிஸ் ட்ரான்டருக்கு ஒரு வெள்ளைக்கோடு. எனக்கு ஐந்து நிமிடம் தாமதம். நடைபாதை ஓரத்தில் நடைச்சட்டத்தோடு அவரைப் பார்த்தேன். பார்த்தேன் என்பதை மறைக்கமாட்டேன். பார்த்துச் சிரித்தேன், கையசைத்தேன். அவரும் ஒரு கையை எடுத்து அசைத்தார். நான் நிற்கவில்லை. அவருக்காகப் பேசப் போகும் அவசரத்தில் அவரைத் தாண்டிப் போனேன். கூட்டத்தில் மேசையைத் தட்டித் தட்டி, 'மனிதாபிமானம் எங்கே?' என்று முழங்கினேன். நன்றாகப் பேசியதாகப் பலர் கைகுலுக்கினார்கள். அந்த நேரத்தில் சிரிலின் தட்டு ஆறிக்கொண்டிருந்தது.

வெட்கமாக இருந்தது. மன்னித்துவிடுங்கள் என்று ஏதோ உளறினேன். அதற்கு அவர் சொன்னதுதான் இன்றுவரை என்னைத் தூங்கவிடவில்லை.

"இதுல என்ன நார்மன். நீங்களாவது கையாட்டினீங்க. மத்தவங்க அதுகூட செய்யறதில்ல."

ஒரு கையசைப்புக்கு நன்றி சொல்லும் நிலையில் ஒரு பெண்மணியை நிறுத்தி வைத்திருக்கிறோம். நாம் கெட்டவர்களா? இல்லை. யாராவது பார்த்தால் நிற்கிறோம், யாராவது எண்ணினால் நிற்கிறோம், மஞ்சள் அங்கிக்கு நிற்கிறோம். நடைச்சட்டத்துக்கு நிற்பதில்லை.

மாவட்ட மன்றத்துக்கு நான் உண்மையை எழுதினேன். அன்று நீங்கள் பார்த்தது எங்கள் சாலையை அல்ல, எங்கள் திருவிழாவை என்று எழுதினேன். இன்னொரு முறை எண்ணச் சம்மதித்திருக்கிறார்கள். வருகிற செவ்வாய்க்கிழமை. இதுதான் கடைசி. இந்த முறை எந்தப் பலகையிலும் நான் எதையும் ஒட்டவில்லை.

என்ன ரெஜ், எழுந்துவிட்டீர்கள்? கேளுங்கள்.

"அப்ப செவ்வாய்க்கிழமை யாருமே நிக்கக் கூடாதுங்கறியா?"

நல்ல கேள்வி. அப்படிச் சொல்லத்தான் நேற்று எழுதினேன், எழுதியதைக் கிழித்தும் போட்டேன். எப்போதும் நிற்கிறவர்கள் செவ்வாய்க்கிழமையும் நில்லுங்கள். எப்போதும் நிற்காதவர்கள் அன்று மட்டும் நல்லவர்களாகாதீர்கள். வேலையில்லாமல் கடக்காதீர்கள், கேக் கொண்டுவராதீர்கள், ரெஜ், அந்த நாயை வீட்டிலேயே விட்டுவிடுங்கள். கிளெனிஸ் பன்னிரண்டு மணிக்கு வந்து நிற்பார். "யாரும் நிக்கலைன்னா நிக்கலைன்னே எழுதட்டும். அன்னைக்கு ஒருநாள் சிரில் லேட்டா சாப்பிடட்டும், நான் அவர்கிட்ட சொல்லிக்கறேன்" என்கிறார். தன் கணவரின் ஒருவேளைச் சாப்பாட்டை அவர் தருகிறார். நாம் தரவேண்டியது என்ன? நம் நல்ல பெயர், அவ்வளவுதான். பரிவில்லாத ஊர் என்று மாவட்டம் எழுதட்டும். பொறுமையில்லாத ஊர் என்று எழுதட்டும். எழுதிவிட்டு, அந்த எழுத்துக்குக் கீழே ஒரு வெள்ளைக்கோட்டையும் போட்டுத் தரட்டும். பெயர் வேண்டுமா நமக்கு, பாதை வேண்டுமா? பாராட்டு வேண்டுமா, ஒரு முதியவரின் வயிறு நிறைய வேண்டுமா? சொல்லுங்கள்.

உங்களில் சிலர் நினைப்பது எனக்குத் தெரிகிறது. இதைக் கேட்ட பிறகு எல்லோரும் இன்றிலிருந்தே தினமும் நிற்கத் தொடங்கிவிட்டால், செவ்வாய்க்கிழமை மறுபடி தோற்றுப்போவோமே? அப்படித் தோற்றால் இந்த மேடையிலேயே ஆடிப் பாடிக் கொண்டாடுவேன். ஆனால் எனக்கு நம்மைத் தெரியும். என்னையும் தெரியும்.

மணியை அடிக்காமல் பொறுத்த மேயர் அம்மையாருக்கும், என் குற்றத்தைக் குறுக்கிடாமல் கேட்ட உங்களுக்கும் நன்றி. கேக் தீர்வதற்குள் விடைபெறுகிறேன். மே மாத மாலை, வெளியே இன்னும் நல்ல வெளிச்சம் இருக்கிறது. வீட்டுக்கு ஓட்டிப் போகும்போது நடைபாதை ஓரத்தில் யார் நிற்கிறார்கள் என்பது தெளிவாகத் தெரியும். பார்க்கவில்லை என்று நம்மில் யாரும் சொல்ல முடியாது. வணக்கம்.