தொட்டி மேல் வைத்த கல்

என் பெயர் மாடக்கண்ணு, வயது 57, தகப்பனார் பெயர் கடற்கரை. கோவில்பட்டியில் மளிகைக் கடை வைத்திருக்கிறேன். இதை யாரும் மிரட்டியோ ஆசை காட்டியோ நான் சொல்லவில்லை. முன்பு போலீஸில் நான் சொன்னது பொய்.

கடைக்குப் பின்னால் உள்ள என் வீட்டில் சண்முகராஜ் என்பவர் மனைவி பூங்கொடியோடும் மகள் காவியாவோடும் நான்கு வருடமாக வாடகைக்கு இருந்தார். எனக்கே வீடு தேவைப்பட்டதால் வழக்குப் போட்டுத் தீர்ப்பு வாங்கினேன். 12.06.2024 புதன்கிழமை காலை பத்து மணிக்கு கோர்ட் அமீனா வந்து, சாமான்களை வெளியே எடுக்கச் சொல்லி, ஒவ்வொரு அறையாகப் பார்த்து எழுதினார். அதன்பிறகு சண்முகராஜ் சாவியைக் கொடுத்தார். அப்போது பூங்கொடி என்னிடம் வந்தாள்.

"அண்ணாச்சி, பன்னெண்டு நாளைக்கு அப்புறம் நேத்துதான் தண்ணி வந்து தரைத்தொட்டிய ரொப்புனோம். கயத்தாறு பக்கம் நாங்க போற வீட்டுல பைப்பு கிடையாது. நாலு டிரம் மட்டும் எடுத்துக்கிடுதோம்" என்றாள்.

கோர்ட்டுக்கு அலைந்த ஆத்திரம் எனக்கு. "ஒரு சொட்டு எடுக்கக்கூடாது, கெளம்பு" என்று சொல்லிவிட்டேன். அவள் அழுதாள். அதன்பிறகும் போகும்போது, "மூடி அரிச்சுக் கெடக்கு, மேல கல்லு வச்சிருக்கேன், பாத்துக்கிடுங்க" என்றாள். அமீனாவும் 'தொட்டி, மூடி, மேலே அம்மிக்கல் ஒன்று' என்று எழுதினார், நான் கையெழுத்துப் போட்டேன்.

வெள்ளிக்கிழமை பால் காய்ச்சுவதாக இருந்தது. வியாழக்கிழமை காலையில் என் மனைவி ஜானகியம்மாள், "இந்தாருங்க, அவ அழுதுட்டுப் போன தண்ணியில நம்ம வீட்டைக் கழுவக்கூடாது. அதைக் கீழ விட்டுட்டு லாரித் தண்ணி வாங்குங்க" என்றாள். எனக்கும் அது சரியென்று பட்டது. நாலு டிரம் கொடுக்க மனம் வராத நான், மோட்டாரும் ஹோஸும் போட்டு அத்தனையையும் சாக்கடையில் விட ஆரம்பித்தேன். அம்மிக்கல்லை நகட்டி, மேல்காற்றில் வாசல் கதவு அடிக்காமல் இருக்க அதற்கு முட்டுக் கொடுத்தேன். தொட்டி பாதி இறங்கும்போது கரண்டு போய்விட்டது. ஹோஸ் உள்ளே கிடந்ததால் மூடி உட்காரவில்லை. வாய் மேல் ஒரு சாக்கை விரித்துவிட்டு டீ குடிக்கப் போனேன். ஜானகியம்மாளிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

திரும்பி வந்தபோது சாக்கைக் காணோம். தொட்டி ஓரத்தில் விளக்குமாறும் ஒரு செருப்பும் கிடந்தன. நான் உள்ளே இறங்கி ஜானகியம்மாளைத் தூக்கினேன். தலையில் அடி, மூச்சு இல்லை. அவளைத் தரையில் கிடத்திவிட்டு, ஊரைக் கூப்பிடும் முன்னே ஹோஸைச் சுருட்டி உள்ளே வைத்தேன். சொல்லவே வெட்கமாக இருக்கிறது ஐயா.

அதன்பிறகு போலீஸ் வந்து யார் திறந்தது என்று கேட்டபோது, "சண்முகராஜ்தான் வஞ்சத்துல வந்து தெறந்து போட்டுருக்கான்" என்று சொன்னேன். அன்று சாயங்காலமே அவரைப் பிடித்துப் போனார்கள். இன்றுவரை சிறையில் இருக்கிறார்.

28.06.2024 அன்று பதினாறாம் நாள் காரியத்துக்கு அந்த வீட்டு முற்றத்தில் பந்தல் போட்டிருந்தோம். பூங்கொடி பிள்ளையோடு வந்து, பந்தலுக்குள் வராமல் வாசல் கதவுப் பக்கமாக நின்றாள். என் மைத்துனர்கள் அடிக்கப் போனார்கள். அவள் நகரவில்லை.

"அக்காவக் கொன்னு எங்களுக்கு என்ன ஆகப்போவுது அண்ணாச்சி? எம் பிள்ளை விழுந்துரக் கூடாதுன்னு நாலு வருசமா அந்தக் கல்லத் தூக்கித் தூக்கி வச்சவ நான். அன்னைக்கும் வச்சுட்டுத்தான போனேன். அந்தக் கல்லு எங்கன?" என்று கேட்டாள்.

நின்று கால் கடுத்த காவியா, வாசல் கதவுக்கு முட்டுக் கொடுத்திருந்த அந்தக் கல்லின் மேல்தான் உட்கார்ந்திருந்தது.

கல் இன்னும் அங்கேயே இருக்கிறது. ஹோஸ் என் கடை பரண் மேல் இருக்கிறது. சண்முகராஜ் தொட்டிப் பக்கமே வரவில்லை. நான் சொன்னபடி எழுதி எனக்கு வாசித்துக் காட்டினார்கள், கேட்டேன், எழுதியது அத்தனையும் நடந்ததுதான்.

(ஒப்பம்) க. மாடக்கண்ணு
01.07.2024