வெயிலில் அசைந்த முள்

யுத்தம் முடிந்தும் மயிலாப்பூர் கரிக்கடையில் வீட்டுக்கு ஒரு மூட்டைதான். எனக்கு முன்னால் நின்ற மாமி, பட்டினப்பாக்கத்து மீன்காரம்மாவிடம் சொன்னாள்:

“போன மூட்டையை எங்காத்துக்காரர் மணலுக்கே எரிச்சுட்டார்.”

“இன்னாம்மா சொல்றே? மணலுக்கா?”

“காலேஜ்ல கெமிஸ்ட்ரி வாத்தியார். மணல்லேர்ந்து சிலிக்கன்னு கறுப்பா ஒரு கட்டி எடுத்திருக்கார். அழுக்குப் போக அதை உருக்கி உருக்கி ஆற வைக்கணுமாம். சுத்தமாயிட்டா வெயில் பட்டாலே கரண்ட் வருமாம்.”

“எவ்ளோ தேறிச்சு?”

“நகத்தளவு.”

“ஐயய்யோ! ஒரு மூட்டைக்கா? புள்ளைங்க இன்னா துன்னுச்சுங்க?”

“ஊறவெச்ச அவல்.”

“நீ ஒண்ணும் கேக்கலியா?”

மாமி குரலைத் தாழ்த்தினாள். “வெயில்ல வெச்சார். கரண்ட் அளக்கற மீட்டர்ல முள் அசைஞ்சுது. நானே பார்த்தேன்.”

கடைக்காரர் மூட்டையை இறக்கினார்.

“இதுவும் மணலுக்குத்தான்,” என்றாள் மாமி.