பஞ்சைத் தின்ற உப்பு

சிங்கவரத்திலிருந்து செஞ்சிக்கு நடந்தே வந்துவிடலாம் ஐயா. பஸ்ஸுக்கு நிற்கிறவர்கள்தான் வேலைக்குத் தாமதமாக வருவார்கள். அலுமினியப் பாத்திரப் பட்டறையில் யாரைக் கேட்டாலும் இந்த நாகம்மாள் ஒழுங்கானவள் என்றே சொல்வார்கள்.

என் வீட்டுக்காரர் பாவாடை அங்கேதான் உலையில் நின்றார். அலுமினியம் உருக்குகிற பாத்திரமான மூசையில் விரிசல், மாற்றுங்கள் என்று கேட்டுக்கொண்டே இருந்தார். முதலாளி ஜெயராமன் மாற்றவில்லை. அது உடைந்து தெறித்ததில் இரண்டு கண்ணும் போயின. ஆஸ்பத்திரி வாசலில் நின்று, எல்லார் காதிலும் விழும்படி முதலாளி சொன்னார்: "குடிச்சிட்டு வந்து நின்னான், நான் இன்னா பண்றது?"

என் வீட்டுக்காரர் கள்ளைக்கூடத் தொட்டதில்லை. ஊர் நம்பியது. அவரைப் பெற்றவளே நம்பினாள். அவர் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தார்; அதோடு பேச்சும் நின்றது.

இரக்கப்பட்டு அந்த வேலையை முதலாளி எனக்குக் கொடுத்தார். கும்பிட்டு வாங்கிக்கொண்டேன். கோபத்தை வெளியே காட்டவில்லை.

உருகிய அலுமினியத்தில் கசடு பிரிய உப்புத்தூள் போட வேண்டும். உலையின் இரும்பு மூடிக்கு உள்பக்கம், சூடு தாங்குவதற்காக, பீங்கானை இழையாக்கிச் செய்த வெள்ளைப் பஞ்சு பதித்திருக்கும். அதைப் பதித்தவர் ஹுசைன் பாய். அவர்தான் எனக்குப் படித்துப் படித்துச் சொன்னார்.

"தங்கச்சி, உப்பு போட்டா மூடிய கொஞ்ச நேரம் தெறந்து வையி. மூடிட்டின்னா ஆவி மேல ஏறி அந்தச் சூட்டுல பஞ்ச தின்னுடும். அப்பளம் மாரி நொறுங்கிப் பூடும்."

நான் போட்டதும் மூடினேன். வேண்டியதற்கு மேலேயே போட்டேன். வெள்ளிக்கிழமைதோறும் முதலாளி உலைக்கு எதிரில் நின்று கற்பூரம் காட்டுவார். பஞ்சு போனால் இரும்பு பழுக்கும், கொக்கி இளகும், மூடி உள்ளே விழும், உருகிய அலுமினியம் எதிரில் நிற்கிறவர்மேல் தெறிக்கும். மற்ற நாட்களில் தீயை அடக்கி வைத்தேன். வெள்ளிக்கிழமை மட்டும் முழுத்தீ.

அன்றைக்குக் கற்பூரம் ஏற்றும்போதே மூடிக்குள் சடசடவென்று சத்தம். முதலாளி பின்வாங்கினார். "பாய், இன்னாமோ உதிருது, பாருங்க."

ஹுசைன் பாய் கிட்டே போய்க் குனிந்தார். நான் கை எட்டும் தூரத்தில் இருந்தேன். கூப்பிட்டிருந்தால் திரும்பியிருப்பார். ஆனால் விஷயம் வெளியே வந்துவிடும், முதலாளி தப்பிவிடுவார். வாயை மூடிக்கொண்டேன். மூடி விழுந்தது.

மறுநாள் பாய் உயிர் போயிற்று. அதே ஆஸ்பத்திரி வாசலில் முதலாளி சொன்னார்: "பாய் குடிச்சிருந்தாரு. நாகம்மா பக்கத்துலதான் இருந்தா, கேட்டுக்கோங்க."

பாயின் மனைவி சாஜிதா என் கையைப் பிடித்தாள். "அக்கா, அஞ்சு வேளை தொழறவரு அவரு. நீ சொல்லு. வாடை அடிச்சிதா?"

நிதானமாக யோசித்தேன். இல்லை என்றால் மூடி ஏன் விழுந்தது என்று எடுத்துப் பார்ப்பார்கள். உலை அணைந்துவிடும். அடுத்த வெள்ளிக்கிழமை இருக்காது.

"அடிச்சுது" என்றேன்.

சாஜிதா என் கையை விட்டுவிட்டாள்.

உப்பைப் போட்டது நான். பாயைக் கூப்பிடாமல் நின்றது நான். எல்லாவற்றையும் ஒப்புக்கொள்கிறேன் ஐயா. ஆனால் விழுந்து கிடக்கிறவனைக் குடிகாரன் என்று சொல்ல ஒரு நாக்கு வருகிறதே, அந்த ஜென்மத்தை மட்டும் என்னால் மன்னிக்கவே முடியாது.