பச்சை ஓட்டுக் கணப்பு

— இன்னொரு தடவை யோசிச்சுச் சொல்லுங்க, லீஸ்பெத் அம்மா. அம்பத்தி மூணுதானா?

— எனக்குக் கல்யாணம் ஆன வருஷம் எனக்கே மறந்துடுமா, டோர்ஸ்டன்? தொண்ணூத்தோரு வயசுதான். மண்டை இன்னும் கழண்டுடல.

— கல்யாணத்தைக் கேக்கலம்மா. பச்சை ஓடு பதிச்ச இந்தக் கணப்பைக் கட்டினது எப்போன்னு கேக்கறேன்.

— ரெண்டும் ஒண்ணுதான். கல்யாணத்தன்னிக்குத்தான் அர்னோ இதுல முதல் நெருப்பு வச்சார். வெளியே இடுப்பளவு பனி. சாப்பாட்டு மேஜையை அப்படியே போட்டுட்டு அத்தனை பேரும் இதைச் சுத்தி வந்து உக்காந்துட்டாங்க. சர்க்கரை கிடைக்காத காலம். மேல பார், அந்தப் பொந்துல ஆப்பிளைச் சுட்டு, பீட்டுக்கிழங்குப் பாகு ஊத்தித் தின்னோம். எங்க மாமியார் கூட ரெண்டு தின்னா. அவ எதையும் நல்லா இருக்குன்னு சொன்னவ இல்ல, அன்னிக்குச் சொன்னா.

— அதாவதும்மா, எனக்கு வேண்டியது முதல் நெருப்பு இல்ல. கட்டின வருஷம். டிசம்பர் முடிஞ்சா இந்த மாதிரி பழைய கணப்பு எதுலயும் நெருப்பு வைக்கக் கூடாது. நாலு வருஷமா சொல்லிட்டு வரேன். ஊர்ப் புகைபோக்கியெல்லாம் துடைக்கறவன்னு, நானே வந்து இதைப் புகைபோக்கியில இருந்து பிரிச்சு, மூடிப் போடணும். அம்பதுக்கு முன்னாடி கட்டினதை மட்டும் சட்டம் விட்டுடும்.

— நல்ல சட்டம். கிழடுகளுக்குள்ளயே கிழடா இருந்தாத்தான் உயிர் பிச்சையா?

— சிரிக்காதீங்க. உங்களுக்காகத்தான் மன்றாடறேன். உங்க பையன் வச்சுக் கொடுத்த ரேடியேட்டர் போதும்னா இப்பவே சொல்லிடுங்க, மூடிட்டுப் போறேன்.

— அது சுடுது, தம்பி. இதமா இல்ல. அர்னோ கடைசி குளிர்காலம் முழுக்க கணப்பை ஒட்டின இந்தப் பெஞ்சுலதான் முதுகைச் சாய்ச்சு உக்காந்திருந்தார். அவர் போனப்புறம் அந்த இடத்துல நான் உக்காந்துக்கறேன். இது ஆறிப்போச்சுன்னா நான் எங்கே போய் உக்கார?

— அப்ப எனக்கு உதவி பண்ணுங்க. புகைபோக்கி துடைக்கறவன் பொத்தானைத் தொட்டா அதிர்ஷ்டம்னு வருஷா வருஷம் என் சட்டையில இந்தப் பித்தளைப் பொத்தானைத் தொடறீங்க. இப்ப வாயைத் திறந்து ஒரு வருஷம் சொன்னாப் போதும். நாப்பத்தி ஒம்பது? நாப்பத்தி எட்டு? அப்படி இருக்கலாமில்லையா?

— என்னைப் பொய் சொல்லச் சொல்றே.

— பொய் இல்லம்மா.

— இல்லேன்னு உனக்கு எப்படித் தெரியும்?

— சும்மா தோணுச்சும்மா.

— சும்மாவா? காலையில பக்கவாட்டு மூடியைத் திறந்து, கண்ணாடியை உள்ள விட்டுப் பார்த்தே. அப்பப் பிடிச்சு என் முகத்தைப் பாக்க மாட்டேங்கறே. காபி ஆடை கட்டிப்போச்சு.

— கையெல்லாம் கரிம்மா.

— இருபத்திரெண்டு வருஷமா கரிக்கையோடதான் என் வீட்டுல காபி குடிக்கறே. என்ன பார்த்தே உள்ள?

— பெரிசா ஒண்ணுமில்ல. மண் பூச்சு ஈரமா இருக்கறப்ப ஆணியால கீறியிருக்காங்க. நாப்பத்தெட்டு, அக்டோபர்னு. இத்தனை வருஷமா கரி மூடிக் கிடந்திருக்கு. இன்னிக்கு நல்லாச் சுரண்டினேன், தெரிஞ்சுது.

— வருஷம் மட்டுமா?

— வருஷம் மட்டும்தான்.

— நீ நல்லவன், டோர்ஸ்டன். ஆனா பொய் உனக்கு வராது. பேரை விட்டுட்டியே.

— உங்களுக்குத் தெரியுமா?

— கல்யாணமாகி வந்த முதல் குளிர்காலம். சாம்பல் வழிக்கறதுக்குத் தோள் வரைக்கும் கையை விட்டேன். விரல்ல கீறல் தட்டுப்பட்டுது. விளக்கு கூட எடுத்துட்டு வரல, விரலாலேயே தடவித் தடவிப் படிச்சேன். 'என் ஹெட்விக்குக்கு'ன்னு.

— அர்னோ கிட்ட கேக்கலையா?

— கேக்கல. அடுத்த ஞாயித்துக்கிழமை விருந்தாளி வந்தாங்க. 'எனக்காக என் புருஷன் கட்டின கணப்பு, பாருங்க'ன்னு சொன்னேன். அவர் பக்கத்துலதான் நின்னார். இல்லேன்னு சொல்லல, ஆமான்னும் சொல்லல. போய் ரெண்டு விறகு எடுத்து உள்ள போட்டார். அப்புறம் வந்தவங்க எல்லார்கிட்டயும் அதையே சொன்னேன். பிள்ளைங்க கிட்டயும் சொன்னேன். விஷயம் தெரிஞ்சவங்க எல்லாம் ஒவ்வொருத்தரா போய்ச் சேந்துட்டாங்க. எனக்கே அது நிஜமாயிடுச்சு.

— அப்படியே இருக்கட்டும்மா. அந்தப் பேரு காகிதத்துக்கு வேண்டியதில்ல. வருஷம் தெரியற பக்கம் மட்டும் போட்டோ எடுத்து வச்சுடறேன். உங்க பையனுக்குக் கூடத் தெரியாது.

— கணப்பு என்கிட்ட இருக்கணும்னா, எனக்காகக் கட்டினதில்லேன்னு ஒத்துக்கிட்டு இதை அவளுக்குத் திருப்பிக் கொடுத்தாகணும். அதானே விஷயம்?

— அவங்க யாருன்னு நான் கேக்கலம்மா. கேக்கவும் மாட்டேன்.

— வேண்டாம், மறைக்காதே. எழுபத்தோரு வருஷம் நான் மறைச்சது போதும். பேனாவை எடு. நாப்பத்தெட்டு, அக்டோபர். ஹெட்விக் மேனெர்ட்டுக்காகக் கட்டினது. முழுப் பேரும் போடு.

— மேனெர்ட்டா? இருங்க. இந்தக் காகிதத்துல உங்க பேருக்குக் கீழயும் அதேதானே இருக்கு? நீங்க பிறந்த வீட்டுப் பேரு...

— ஆமா. எங்கக்கா. அர்னோவோட அவளுக்குக் கல்யாணம் நிச்சயமாகி, மூணு வாரம் இருக்கறப்ப நெஞ்சுச்சளியில போயிட்டா. இதுல ஒரு நாள் கூட அவ குளிர் காயல, தம்பி.