வீட்டுச் சாப்பாடு, அளவோட

இல்ல மேடம், உங்க எடை மெஷினைக் குத்தம் சொல்வேனா? அது பாட்டுக்கு மூலையில கெடந்துச்சு, நான்தான் போய் மேல ஏறி நின்னேன். எண்பத்தாறுன்னு காட்டுச்சுன்னா எண்பத்தாறுதான். ஷூவைக் கழட்டிட்டேன், பெல்ட்டைக் கழட்டிட்டேன், வண்டிச் சாவியைக்கூட மேஜை மேல வெச்சுட்டேன். இதுக்கு மேல கழட்டினா வெளிய வரிசையில உக்காந்திருக்கறவங்க பயந்துடுவாங்க. வேணும்னா மூச்சையெல்லாம் வெளிய விட்டுட்டு இன்னொரு தடவை ஏறட்டுமா? வேணாமா? சரி விடுங்க.

சாப்பாட்டு டைரியா? இந்தாங்க. அட்டையில இருக்கற கறையைப் பாத்து முறைக்காதீங்க, அது சாக்லேட் இல்ல. அதாவது, சாக்லேட்தான். ஆனா நான் தின்ன சாக்லேட் இல்ல. கேக் கடையில டெலிவரி பாக்கறவன் நோட்டுல வேற என்ன ஒட்டும், விபூதியா?

படிங்க, படிங்க. சத்தமாவே படிங்க, எனக்குக் கூச்சமெல்லாம் காலேஜை விட்டு ஓடி வந்த அன்னைக்கே அங்கயே விட்டுட்டு வந்துட்டேன். பதினோரு மணிக்கு டீ, சக்கரை இல்லாம. சாயங்காலம் ஒரு வெள்ளரிக்காய், முழுசா. மதியம், வீட்டுச் சாப்பாடு, அளவோட. ராத்திரி, வீட்டுச் சாப்பாடு, அளவோட. எவ்ளோ ஒழுக்கம் பாத்தீங்களா? இந்தப் பக்கத்தைப் படிச்சா எனக்கே எழுந்து நின்னு என்னைக் கும்பிடணும்போல இருக்கு.

ஆமா மேடம், போன தடவை எண்பத்தி நாலு. ஆமா, எண்பத்திரண்டுக்கு வந்தாதான் பெரிய டாக்டர் சம்மதிப்பார். எல்லாம் ஞாபகம் இருக்கு. வெளிய பச்சைப் பையை மடியில வெச்சுக்கிட்டு உக்காந்திருக்காளே, எங்க அக்கா, அவளுக்கு என் கிட்னி ஒண்ணு போகணும். அம்மாவுக்குச் சர்க்கரை இருக்கு, அதனால எடுக்க முடியாது. மாமாவுக்கு, அதான் அவ வீட்டுக்காரருக்கு, ரத்தம் சேரல. மிச்சம் நிக்கற ஒரே ஆடு நான்தான். அந்த ஆடு இளைச்சுட்டு வாடான்னா ரெண்டு கிலோ ஏறிட்டு வந்து நிக்குது. நீங்க கடுப்பாகறது நியாயம்தான். இந்தத் தடவையும் எறங்கலைன்னா என் பேரை அடிச்சுட்டு, முகம் தெரியாத யாரோ ஒருத்தர் கிட்னிக்காக அவளை வரிசையில உக்கார வெச்சுடுவாங்க. அந்த வரிசை எப்ப நகரும்னு அந்த வரிசைக்கே தெரியாது. அதுவரைக்கும் வாரத்துல மூணு நாள் அவ அந்த டயாலிசிஸ் மெஷின் பக்கத்துல படுத்துக்கெடக்கணும்.

கேக்கா? நான் எதிர்பாத்தேன், நீங்க அங்கதான் வருவீங்கன்னு.

உண்மையச் சொல்லிடறேன். ஆரம்பத்துல தின்னேன். எங்க கடையில ஒரு வழக்கம் மேடம். கேக்கு டப்பாவுக்குள்ள சரிஞ்சுட்டா, ஒரு பக்கம் கிரீம் ஒட்டிடுச்சுன்னா, அதை வாடிக்கையாளருக்குக் குடுக்க மாட்டோம், திருப்பி எடுத்துட்டு வந்துடணும். வந்த கேக்கு வேலைக்காரங்களுக்கு. அதனால என்ன ஆகும்? வேகத்தடையைப் பாத்தா எனக்கு வண்டி தானா வேகமாப் போகும். ஒரு வாரத்துல அஞ்சு கேக்கு சரிஞ்சுது. முதலாளி என்னைக் கூப்பிட்டு, தம்பி, நீ போற ரோட்டுல மட்டும் பூகம்பமான்னு கேட்டார். அதுக்கப்புறம் டெலிவரி டப்பாவைக் குழந்தை மாதிரி ஏந்திக்கிட்டுப் போறேன். அதெல்லாம் நீங்க டைரி குடுக்கறதுக்கு முன்னாடி மேடம். டைரி குடுத்தப்புறம் கடையில ஒரு துணுக்கு தொடல. சந்தேகமா இருந்தா குண்டூசிகிட்ட கேளுங்க. குண்டூசின்னா எங்க கடையில கேக்குக்கு மேல கிரீம் பூ வெக்கறவன். நாள் பூரா சக்கரைக்குள்ளதான் இருக்கான், ஆனா சட்டை மாட்டின ஹேங்கர் மாதிரி இருப்பான். கடவுள் எனக்குன்னு வெச்சிருந்த உடம்பை அட்ரஸ் மாத்தி அவனுக்கு டெலிவரி பண்ணிட்டார்.

அப்ப எங்கருந்து ஏறுதுன்னு கேக்கறீங்க. நல்ல கேள்வி. நானும் அதைத்தான் என்னைக் கேட்டுக்கிட்டிருந்தேன். ஃபேன் கொஞ்சம் வேகமா வைக்கலாமா மேடம்?

எது, அந்த வரியா? அது ஒண்ணுமில்லையே. வீட்டுச் சாப்பாடுன்னா வீட்டுல சாப்பிடற சாப்பாடு. அளவோடன்னா... அளவோடதான். யார் அளவுன்னா கேக்கறீங்க? மேடம், நீங்க டயட்டீஷியன் ஆனதுக்குப் போலீஸ் வேலைக்குப் போயிருக்கலாம். உங்க திறமையெல்லாம் இங்க வெள்ளரிக்காய் எண்ணறதுல வீணாப்போகுது.

அக்கா அளவு மேடம்.

அவ அளவு பாக்கறதுல கெட்டிக்காரி. அவளுக்கு அவளே போட்டுக்கற சாப்பாட்டை நீங்க பாக்கணும். உப்பு கிடையாது. உருளைக்கிழங்கை ஊற வெச்சு, தண்ணியக் கொட்டி, மறுபடி வேக வெச்சு, அந்தத் தண்ணியையும் கொட்டி, கடைசியில தட்டுல கெடக்கறது உருளைக்கிழங்கோட ஆவிதான். தண்ணிகூட பாட்டில்ல கோடு போட்டு வெச்சிருக்கா. வெயில் நாள்ல ஒரு ஐஸ் கட்டியை வாயில அடக்கிக்கிட்டு, பேசாம ஜன்னல்கிட்ட நிப்பா. அப்ப மட்டும்தான் எங்க வீட்டுல அமைதி. அப்பேர்ப்பட்டவ, அந்தச் சமையல் முடிஞ்சதும் தனியா இன்னொரு சமையல் பண்ணுவா. எனக்கு. கோழியைப் பொன்னிறமா வறுத்து, சோத்து மேல வெண்ணெயை உருக்கி ஊத்தி, தட்டைக் கொண்டுவந்து வெச்சுட்டு எதிர்ல உக்காந்துக்குவா. நான் வாயில வெக்கறப்ப அவ தொண்டை ஏறி எறங்கும். உப்பு சரியாடா, காரம் சரியாடான்னு கேப்பா. நான் எப்படி மேடம் வேண்டாம்பேன்? அவ நாக்குக்குப் பதிலா என் நாக்கு வேலை செய்யுதுன்னு நெனைச்சுக்கிட்டேன். ஒரு தடவை பாதி தட்டுல கைய எடுத்தேன். படிப்பைப் பாதியில நிறுத்தின மாதிரி இதையும் பாதியில நிறுத்தப்போறியாடான்னா. அதுக்கப்புறம் தட்டைக் கழுவ வேண்டிய அவசியமே வரல.

நோட்டைத் திருப்புங்க. அப்படியே பின்பக்கத்துலருந்து பாருங்க. இன்னைக்குக் காலையில கடை திறக்கறதுக்கு முன்னாடி ஷட்டர் கீழ உக்காந்து எழுதினது. அங்க ஒழுக்கமெல்லாம் கிடையாது. ரெண்டாம் தடவை போட்ட சோறு, மூணாம் தடவை போட்ட சோறு, வெண்ணெய் கரண்டி கரண்டியா, படுக்கறதுக்கு முன்னாடி பால்ல ஏடு, எல்லாம் இருக்கு. ஒண்ணையும் விடல. அவ போட்டா, அது அவ கை. தின்னது என் வாய். என் வாய்க்கு நான்தான் ஜவாப்தாரி. முன்பக்கம் உங்களுக்குப் பிடிச்ச மாதிரி எழுதினது, பின்பக்கம் எனக்குப் பிடிச்ச மாதிரி தின்னது.

ஏன் இப்ப திடீர்னு உண்மைன்னா... இருங்க, சொல்றேன்.

பேன்ட் பட்டன் போட முடியாமப் போனப்ப, மொதல்ல நான் என்னைத்தான் சந்தேகப்பட்டேன். சத்தியமா. எனக்கு ஊசின்னாலே ஆகாது மேடம். ரத்தம் எடுக்கறப்ப மயக்கம் போட்டு விழுந்தேனே, உங்க நர்ஸம்மா இன்னும் என்னைப் பாத்தா சிரிக்கறாங்க. சரி, உள்ளுக்குள்ள பயந்துக்கிட்டுதான் இந்த நாய் தின்னு தின்னு ஏறுது, வாய் சரிங்குது, வயிறு மாட்டேங்குதுன்னு நெனைச்சேன். ரெண்டு நாள் கண்ணாடியப் பாக்கவே பிடிக்கல. ஆனா ஒரு விஷயம் இடிச்சுது. வீட்டு மெஷின்ல ஏறினா எண்பத்திரண்டுன்னு காட்டுது. பாத்ரூம்ல கெடக்குமே, முள்ளு வெச்ச பழைய மெஷின். அதுல ஏறறது நான் மட்டும்தான். அக்காவுக்கு இங்கயே எடை பாத்துடறாங்க, மாமாவுக்குத் தொப்பை விஷயத்துல அறியாமையே ஆனந்தம். அதுக்கு முன்னாடியெல்லாம் அந்த எண்பத்திரண்டைப் பாத்து நானும், அட, எவ்ளோ தின்னாலும் ஏறலையே, நம்ம உடம்பு ராஜ உடம்புன்னு இன்னொரு கரண்டி வாங்கிக்கிட்டேன்.

நேத்து பாத்ரூம் கழுவற முறை என்னோடது. மெஷினை ஓரமா எடுத்து வெச்சேன். யாரும் ஏறல, ஒரு சோப்புகூட மேல இல்ல. முள்ளு சைபருக்கு நாலு கோடு பின்னாடி நிக்குது! காத்து ஏறி நின்னாக்கூட நாலு கிலோ இளைக்கற மெஷின் மேடம் அது. கவுத்துப் போட்டுப் பாத்தா, அடியில சின்னதா ஒரு சக்கரம். முள்ளைச் சரி பண்றதுக்கு வெச்சது. மெஷின் பூரா தூசி, அந்தச் சக்கரம் மட்டும் பளபளன்னு இருக்கு. பக்கத்துல மஞ்சள் கறையா ஒரு விரல் ரேகை. எங்க வீட்டுல கையில மஞ்சத்தூளோட திரியறது யாருன்னு நான் உங்களுக்குச் சொல்லணுமா?

அப்பதான் ஒவ்வொண்ணா உறைச்சுது. மொதமொதல்ல கிட்னி குடுக்கறேன்னு நான் சொன்னப்ப அவ வீட்டையே ரெண்டாக்கினா. உனக்கு இன்னும் மீசையே ஒழுங்கா வரல, கத்தி வைக்க விடுவேனா, உன்னைத் தூக்கி வளத்த இடுப்பு இன்னும் வலிக்குதுடான்னு கத்தினா. மறுநாள் காலையில, சரிடா, உன் இஷ்டம்னு சிரிச்சா. நான் ஜெயிச்சுட்டேன்னு நெனைச்சேன், மடையன். எங்க அக்கா ஒரு விஷயத்துக்கு ரெண்டாவது நாள் சண்டை போடலைன்னா, அவ வேற வழியில ஜெயிச்சுட்டான்னு அர்த்தம். எண்பத்திரண்டுன்னு நீங்க சொன்னப்ப அவளும் பக்கத்துலதானே உக்காந்திருந்தா? அன்னைக்கே அவளுக்கு வழி கெடைச்சுடுச்சு.

ஊர் உலகத்துல ஆட்டுக்குத் தழை போட்டுக் கொழுக்க வைக்கறது வெட்டறதுக்கு மேடம். இவ, வெட்டக்கூடாதுன்னு கொழுக்க வைக்கறா.

கண்ணாடியத் தொடைக்கறீங்களா? தொடைங்க, தொடைங்க. தூசி ஜாஸ்திதான் இந்த ரூம்ல.

நேரா கேக்க மாட்டேன். கேட்டா அழுவா. அவ கத்தினா நான் எதிர்த்துக் கத்துவேன், அடிச்சா ஓடுவேன், ஆனா அழுதா எனக்கு ஒண்ணும் தெரியாது, தோத்துடுவேன். அவ ரூட்லயே போய்த்தான் அவளை மடக்கணும். அதுக்கு நீங்க ஒரு சின்ன ஒத்தாசை பண்ணணும். இல்ல இல்ல, பொய் சொல்லச் சொல்லல. எண்பத்தாறு உண்மைதானே? அந்த உண்மையக் கொஞ்சம் சத்தமா சொல்லுங்க, அவ்ளோதான்.

இந்த நோட்டு உங்க டிராயர்லயே இருக்கட்டும். நெசமா நான் சாப்பிடறதை வாராவாரம் வந்து இதுல எழுதறேன். வீட்டுக்கு வேற நோட்டு, புதுசா வாங்கிட்டேன், பாருங்க. அவ தினமும் நான் குளிக்கப் போறப்ப எடுத்துப் படிக்கறா, தெரியும். பக்கம் மடிஞ்சிருக்கும். அதுல எழுதப்போறேன்: இன்னைக்குக் கடையில சரிஞ்ச கேக்கு அரை கிலோ, நானே முழுசா. நாளைக்கு கிரீம் பன்னு ஆறு. ராத்திரி தட்டோட வருவாள்ல? அக்கா, கடையில தின்னது தொண்டை வரைக்கும் நிக்குது, ரெண்டு வாய் போதும்க்கான்னு சொல்லுவேன். நோட்டுலயும் அதே இருக்கும். அவளுக்கு நிம்மதி, தட்டை எடுத்துட்டுப் போயிடுவா. மதியத்துக்கு அவ கட்டிக்குடுக்கற டப்பாவைக் குண்டூசி பாத்துக்குவான், அவனுக்கும் ஒரு உடம்பு வரட்டும். மத்தவங்க தின்னதைக் குறைச்சு எழுதுவாங்க, நான் தின்னாததைக் கூட்டி எழுதப்போறேன். உங்க சர்வீஸ்லயே இப்படி ஒரு டைரி பாத்திருக்க மாட்டீங்க.

மெஷினா? அதையும் யோசிச்சுட்டேன். நான் ஒரு கிலோ இளைச்சா, அடியில அந்தச் சக்கரத்தை ஒரு கோடு திருப்பி வெச்சுடுவேன். இன்னொரு கிலோ, இன்னொரு கோடு. அவ எப்ப எட்டிப் பாத்தாலும் முள்ளு அதே எண்பத்திரண்டுலதான் நிக்கும். அவ மனசுக்குள்ள நாலைக் கூட்டிக்கிட்டு சந்தோஷமா இருப்பா. நான் நெசமாவே எண்பத்திரண்டுக்கு வர்ற அன்னைக்கு அந்த மெஷினும் உண்மை பேச ஆரம்பிச்சிருக்கும்.

தெரியும் மேடம், அவ சம்மதம் இல்லாம நீங்க யாரும் கத்திய எடுக்க மாட்டீங்க. எடுக்கவும் வேணாம். அன்னைக்கு எல்லாத்தையும் நானே சொல்லிடறேன், சண்டை போடட்டும். நேருக்கு நேர் போடட்டும். வெண்ணெய்க்குப் பின்னாடி ஒளிஞ்சுக்கிட்டுப் போட வேணாம். வாய்ச் சண்டையில இதுவரைக்கும் நான் அவகிட்ட ஜெயிச்சதில்ல, ஆனா அன்னைக்கு நான் இளைச்சிருப்பேன், ஓடிப் பிடிக்க அவளால முடியாது.

ஒரு மாசம் தவணை பெரிய டாக்டர்கிட்ட நீங்கதான் கேக்கணும். கேப்பீங்களா? கேப்பீங்க. உங்க மூஞ்சியே சொல்லுது. ஐயோ, அந்த மூஞ்சிய மாத்துங்க மொதல்ல. அவ உள்ள வர்றப்ப இப்படி இளகிப்போய் இருந்தீங்கன்னா கண்டுபிடிச்சுடுவா. சிடுசிடுன்னு வெச்சுக்கங்க, நான் உள்ள வந்தப்ப வெச்சிருந்தீங்களே, அது மாதிரி. என்னை நல்லா நாலு திட்டு திட்டுங்க. தின்னிப் பண்டாரம்னு சொல்லுங்க, உருப்படமாட்டேன்னு சொல்லுங்க, எனக்குப் பழக்கம்தான்.

கூப்பிடட்டுமா? அந்தப் பச்சைப் பையில என்ன இருக்குன்னு தெரியுமா மேடம்? வர்ற வழியில என்னை வண்டியப் பாத்துக்கடான்னு நிறுத்திட்டு பேக்கரிக்குள்ள போனா. எங்க கடை இல்ல, எதுத்த கடை. துரோகி. வெளிய போனதும் எடுத்து நீட்டுவா, களைச்சுப்போயிருக்கே, சாப்பிடுடான்னு.

அந்த ஒண்ணை மட்டும் நான் சாப்பிட்டுடறேன் மேடம். அவ பாத்துக்கிட்டு இருப்பா. நீங்க நெச நோட்டுல எழுதிக்கங்க: வெளிச் சாப்பாடு, ஒண்ணு, அக்கா கையால.

அக்கா! உள்ள வருவியாம், மேடம் கூப்பிடறாங்க.