இரண்டு வருட ஒப்பந்தம்

தவணையில் பொருள் வாங்குவது எனக்கு எப்போதுமே பிடிக்காது. இந்த வீட்டில் நீங்கள் பார்க்கிற அடுப்பு, துணி துவைக்கும் இயந்திரம், வாசலில் நிற்கிற பழைய டிரக், எல்லாமே முழுப் பணம் கொடுத்து வாங்கியவை. உட்காருங்கள், அதிகாரி. கோர்ட் காகிதத்தை மேஜைமேல் வையுங்கள், கையெழுத்துப் போட்டுத் தருகிறேன். இந்த டுலூத் ஊர்க் குளிரில் இவ்வளவு தூரம் வந்துவிட்டு ஒரு காபிகூடக் குடிக்காமல் போனால் எனக்கு வருத்தமாக இருக்கும்.

ஏன் செய்தீர்கள் என்று வாசலிலேயே கேட்டீர்கள். கோபமாகக் கேட்கவில்லை, அதற்காகவே சொல்கிறேன்.

நான் நகரத் தண்ணீர் நிலையத்தில் வால்வுகளைப் பார்த்துக்கொள்கிறவன். ஒரு தெருவில் குழாய் உடைந்தால் அந்தத் தெருவுக்கான வால்வை மூடுவேன். யாருக்கும் என் முகம் தெரியாது. தண்ணீருக்கும் ஒரு கெடுதலும் இல்லை, அது வேறு பக்கம் போய்க்கொள்ளும். என் மனைவி மார்லிஸ் எங்களை விட்டுவிட்டு அரிசோனாவில் இருக்கும் தன் அக்கா ஆர்டிஸ் வீட்டுக்குப் போனபோது மகள் பிரிட்டா பள்ளிக்கூடம் முடிக்கவில்லை. "உன்னோட இருந்தா எனக்கு மூச்சு முட்டுது, வெண்டெல்" என்று சொல்லிவிட்டுப் போனாள். இந்த வீட்டில் ஜன்னல்களுக்குக் குறைவில்லை. அவளுக்கு என்ன மூச்சு முட்டியதோ எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

பிரிட்டா தாய்மேல் கோபத்தில் சில வருடம் பேசாமலே இருந்தாள். பிறகு மெல்ல மெல்லப் பேச ஆரம்பித்தாள். நான் தடுக்கவில்லை. அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

அவளுடைய பழைய போனின் கண்ணாடி உடைந்ததும் மாலில் இருக்கிற போன் கடைக்குப் போனோம். தவணைத் திட்டம் அப்போதுதான் புதிதாக வந்திருந்தது. கடையில் ட்வேன் என்று ஒருவன், வாய் ஓயாதவன்.

"ரெண்டு வழி இருக்குங்க," என்றான். "பழைய வழி, காண்ட்ராக்ட். போன் கிட்டத்தட்ட சும்மா வந்துடும், ஆனா ரெண்டு வருஷம் எங்களோட குடும்பம் நடத்தணும். நடுவுல ஓடினா அபராதம். புது வழி, தவணை. போன் விலைய மாசாமாசம் கட்டுங்க. பிடிக்கலையா, மீதிய கட்டிட்டு டாட்டா காட்டிட்டுப் போயிட்டே இருக்கலாம்."

"அப்ப ஒண்ணு கல்யாணம், இன்னொண்ணு சும்மா ஊர் சுத்தறதா?" என்றாள் பிரிட்டா.

"கல்யாணத்துலகூட ரெண்டு வருஷத்துக்கு ஒரு தடவை புது போன் தர மாட்டாங்க மேடம்."

இருவரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

"அப்பா, நான் தவணையிலயே எடுத்துக்கறேன். என் பேர்ல தனி அக்கவுண்ட். இருபத்திரெண்டு வயசாச்சு, இன்னும் உங்க பில்லுல ஒரு வரியா இருக்கேன். கிளினிக்ல எல்லாரும் கிண்டல் பண்றாங்க."

"கிண்டல் பண்றவங்க பில்லு கட்டுவாங்களா?" என்றேன்.

"இதான். இதத்தான் சொல்றேன்."

நான் நிதானமாக எடுத்துச் சொன்னேன். அவளுக்குக் கடன் வரலாறு எதுவும் இல்லாததால் தவணைக்கு முன்பணம் கேட்பார்கள். என் குடும்பக் கணக்கில் இன்னொரு ஒப்பந்தம் போட்டால் ஒரு சல்லிக்காசு அவள் செலவழிக்க வேண்டாம். பல் கிளினிக் வரவேற்பு மேஜையில் உட்கார்ந்து அவள் என்ன பெரிதாகச் சம்பாதிக்கிறாள்? நான் சொன்னதில் ஒன்றுகூடத் தவறில்லை. ட்வேனே தலையாட்டினான். "கணக்கு பாத்தா உங்கப்பா சொல்றதுதான் சரி" என்றான்.

சொல்லாமல் விட்டது ஒன்று உண்டு. தவணை என்பது பொருளுக்கான கடன். கடன் தீர்ந்தால் நீ யாரோ, நான் யாரோ. ஒப்பந்தம் அப்படியில்லை, அது காலத்துக்கான கடன். அந்தக் காலம் முழுக்க அந்த எண் என் கணக்கில் இருக்கும். அவள் உதட்டைச் சுழித்துக்கொண்டே, "சரி, ரெண்டே ரெண்டு வருஷம்" என்றாள். கையெழுத்து நான்தான் போட வேண்டும், கணக்கு என்னுடையது. போட்டேன்.

அதற்குப் பிறகு ஒரு மாதத்தில் பில்லில் அரிசோனா எண் நிறைய வர ஆரம்பித்தது. முதலில் ஞாயிறுகளில், அப்புறம் எல்லா நாளும். ஒரு சாயங்காலம் பிரிட்டா பாத்திரம் துடைத்துக்கொண்டே சொன்னாள்: "அம்மா அங்க வரச் சொல்றாங்கப்பா. நர்ஸிங் படிக்கலாமாம், இடம் பாத்து வச்சிருக்காங்க. அங்க ஜனவரில கூட வெறும் சட்டையோட நடக்கலாமாம்."

"சரி, யோசி" என்றேன். அவ்வளவுதான் சொன்னேன்.

கம்பெனியின் இணையதளத்தில் பெற்றோருக்கென்று ஒரு சேவை உண்டு. பிள்ளைகளுக்குத் தொல்லை தரும் எண்களைத் தடுக்கலாம். மாதக் கட்டணம் சொற்பம். பிள்ளைக்கு என்ன வயது என்று அது கேட்கவில்லை. கணக்கின் சொந்தக்காரர் நீங்கள்தானா என்று மட்டும் கேட்டது. ஆம் என்று அழுத்தினேன். ஐந்து எண்கள் வரை தடுக்க அனுமதி உண்டு. நான் இரண்டோடு நிறுத்திக்கொண்டேன், மார்லிஸுடையதும் அவள் அக்கா ஆர்டிஸுடையதும்.

இப்போது நீங்கள் என்னைப் பார்க்கிற பார்வை எனக்குப் புரிகிறது. ஆனால் நடந்தது என்னவென்று பாருங்கள். மார்லிஸ் கூப்பிட்டால், 'நீங்கள் அழைத்த வாடிக்கையாளர் இப்போது அழைப்புகளை ஏற்பதில்லை' என்று ஒரு இயந்திரக் குரல் சொல்லும். பிரிட்டா கூப்பிட்டால், 'இந்த எண்ணுடன் இணைக்க இயலாது' என்று சொல்லும். இதில் எது பொய்? இருவரும் ஒரு தரம், இரண்டு தரம், ஐந்தாறு தரம் கூப்பிட்டுப் பார்த்தார்கள். அதோடு நின்றது. உண்மையிலேயே பாசம் இருந்தால் ஒரு கடிதம் எழுதியிருக்கலாம், விமானம் ஏறி வந்து கதவைத் தட்டியிருக்கலாம். ஏற்கெனவே ஒரு தரம் ஒருவரையொருவர் நோகடித்தவர்கள், அதனால் இரண்டாம் தரம் யாரும் தட்டவில்லை. மூடிய கதவைப் பார்த்ததுமே, மற்றவள்தான் மூடினாள் என்று இரண்டு பேரும் நம்பிவிட்டார்கள். அதற்கு நானா பொறுப்பு?

அந்த வாரம் பிரிட்டா சோபாவில் சுருண்டு கிடந்தாள். "இடம் பாத்து வச்சிருக்கேன், வா வான்னாங்க. வரேன்னு சொன்னதும் போனை மாத்திட்டாங்க. எனக்குத்தான் புத்தியில்ல, இல்லப்பா?"

தக்காளி சூப்பும், சீஸ் வைத்து வாட்டிய ரொட்டியும் செய்து கொடுத்தேன். அவள் சின்ன வயதில் விரும்பிச் சாப்பிடுவது. அன்று என் தோளில் சாய்ந்து அழுதாள். அவ்வளவு பக்கத்தில் அவள் உட்கார்ந்து வருடங்களாகிவிட்டன. கட்டிய கட்டணத்துக்கு அந்த ஒரு சாயங்காலமே போதும் என்று தோன்றியது.

அடுத்த வருடம் முழுக்க நாங்கள் நன்றாக இருந்தோம். ஏரி உறைந்ததும் மீன் பிடிக்கப் போவோம். அவள் ஐஸில் துளை போடுவாள், நான் தூண்டிலைப் பார்த்துக்கொள்வேன். சீட்டாட்டத்தில் என்னை ஏமாற்றிவிட்டு, "உங்ககிட்ட கத்துக்கிட்டதுதான்" என்பாள். இந்த வீட்டில் நான் எந்தக் கதவையும் பூட்டவில்லை, அதிகாரி. அவள் கார் சாவி அதோ அந்தக் கொக்கியில்தான் தொங்கும். போக வேண்டும் என்றிருந்தால் எந்த நாளும் போயிருக்கலாம்.

இரண்டாவது வருடம் பிப்ரவரியில் வீட்டு போன் அடித்தது. ஆர்டிஸ். மார்லிஸுக்குக் கணையத்தில் புற்றாம், அதிக நாள் தாங்காதாம்.

"அவ பிரிட்டா குரலைக் கேக்கணுங்கறா, வெண்டெல். வேற எதுவும் கேக்கல. எங்க போனை எடுக்க மாட்டேங்குது அந்தப் பொண்ணு. உன்கிட்ட நான் இதுவரைக்கும் எதையும் கேட்டதில்ல. அவகிட்டச் சொல்லு. ஒரே ஒரு தடவை கூப்பிடட்டும்."

"சரி" என்றேன்.

பிரிட்டா இதே மேஜையில் உட்கார்ந்து நகத்துக்குச் சாயம் பூசிக்கொண்டிருந்தாள். "யாருப்பா?"

"ஒரு பொம்பள. ஏதோ வேணுமாம்."

"இந்த வீட்டு போனை இன்னும் வச்சிருக்கறதே இந்த மாதிரி சாமான் விக்கற ஆளுங்களுக்காகத்தான். வயரைப் பிடுங்கிப் போடுங்கப்பா."

சிரித்தோம். நான் சொன்னதில் பொய் இல்லை என்பதைக் கவனியுங்கள்.

தடையை எடுத்துவிடலாமா என்று யோசிக்காமல் இல்லை. நான் கல் இல்லை. ஆனால் எடுத்தால் என்ன ஆகும்? முதல் பேச்சிலேயே 'நீ ஏன் எடுக்கல, நீ ஏன் எடுக்கல' என்று இருவரும் கேட்டுக்கொள்வார்கள். சாகப்போகிறவளுக்கு அந்த அதிர்ச்சி எதற்கு? பிரிட்டாவும் உடைந்துபோவாள். குழாயில் வெகு நாள் மூடிக் கிடந்த வால்வைத் திடீரென்று திறந்தால் அழுத்தம் தாங்காமல் குழாயே வெடித்துவிடும். இது என் தொழிலில் புதிதாகச் சேர்ந்தவனுக்கும் தெரியும். ஒப்பந்தம் முடியட்டும் என்று இருந்தேன்.

ஏப்ரலில் ஆர்டிஸ் மறுபடி கூப்பிட்டாள்.

"முடிஞ்சுது. நேத்து அடக்கம் பண்ணிட்டோம். கடைசி வரைக்கும் போனைக் கையில வச்சிருந்தா. அந்தப் பொண்ணு அப்படியே உன் நெஞ்சோட பிறந்திருக்கு, வெண்டெல்."

என்னைத் திட்டினாள் என்று இப்போது தெரிகிறது. அன்று எனக்கு அது அப்படிப் படவில்லை. என் மகள் என்னைப் போல இருக்கிறாள் என்று இந்தக் குடும்பத்தில் ஒருவர் முதல்முறையாகச் சொல்கிறார்.

பிரிட்டாவிடம் சொல்லவில்லை. நல்ல வசந்தகாலம், தோட்டத்தில் அவள் தக்காளி நட்டிருந்தாள். தடையையும் எடுக்கவில்லை. ஆர்டிஸ் உயிரோடுதானே இருக்கிறாள்.

நவம்பரில் இரண்டு வருடமும் முடிந்தது. புதுப்பிப்பதாகத்தான் இருந்தேன். அதே கடை, அதே ட்வேன்.

"காண்ட்ராக்டா? அதெல்லாம் கம்பெனியே தூக்கிடுச்சு சார். இனிமே எல்லாருக்கும் தவணைதான்."

"கேட்டீங்களாப்பா? கல்யாணமே வழக்கொழிஞ்சு போச்சு," என்றாள் பிரிட்டா. "அப்ப என் நம்பரை என் பேருக்கே மாத்திக்கறேன்."

இரண்டு வருடம் என்று ஒத்துக்கொண்டவன் நான். வாக்குத் தவறுகிறவன் இல்லை. கணக்கின் சொந்தக்காரன் நேரில் வந்து விட்டுக்கொடுத்தால்தான் எண் மாறும், அதற்காகத்தான் பக்கத்தில் நின்றேன். தடை என் கணக்கோடு தங்கிவிடும், அவள் எண் சுத்தமாகப் போய்விடும் என்று நினைத்தேன். இந்த விஷயத்தில் நான் செய்த ஒரே தவறு அது. சேவைகள் கணக்கோடு ஒட்டியிருப்பதில்லை, எண்ணோடு ஒட்டியிருக்கின்றன.

ட்வேன் திரையைப் பார்த்துக்கொண்டே படித்தான்: "வாய்ஸ்மெயில், வேணும். வெளிநாட்டு அழைப்பு, வேணாம். அப்புறம் ரெண்டு நம்பர் பிளாக்ல இருக்கு, அதையும் கொண்டு போகணுமா, எடுத்துடவா?"

"நான் யாரையும் பிளாக் பண்ணலையே. என்ன நம்பர்?"

அவன் படித்தான். முதல் எண்ணைப் பாதி சொல்லும்போதே மீதியை அவள் சொல்லிவிட்டாள்.

"இத எப்போ போட்டது?"

"கிட்டத்தட்ட ரெண்டு வருஷம் ஆகுது. நீங்க போட முடியாதுங்களே, அக்கவுண்ட் ஓனர்தான்..." என்று ஆரம்பித்தவன் என்னைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டான். அந்த வாய் அன்றுதான் ஓய்ந்தது.

"எடுத்துடுங்க," என்றாள். புதுப் போனை அவன் கையிலிருந்து வாங்கி அங்கேயே எண்களை அழுத்தினாள். மணி போவது எனக்கும் கேட்டது. யாரோ ஒரு ஆண் எடுத்தான். அவள் பேசியது மட்டும்தான் எனக்குத் தெரியும்.

"மார்லிஸ் இருக்காங்களா? ... உங்களுக்கு எப்போ குடுத்தாங்க இந்த நம்பர? ... கோடையிலயா? ... யார் யார் கூப்பிடறாங்க அவங்களைக் கேட்டு? ... ஆஸ்பத்திரியா? என்ன பில்லு? ... எந்த வார்டுன்னு சொன்னாங்க? ... கடைசிக் கால வார்டா?"

அப்புறம், "நான் அவங்க பொண்ணு" என்றாள். எதிர்முனையில் அந்த ஆள் என்ன சொன்னானோ, "தேங்க்ஸ்ங்க" என்று சொல்லி வைத்துவிட்டாள்.

கத்துவாள் என்று எதிர்பார்த்தேன். கத்தவில்லை. என்னைப் பார்த்து ஒரே கேள்வி கேட்டாள்.

"உங்களுக்குத் தெரியுமாப்பா?"

நான் பொய் சொல்கிறவன் இல்லை. "ஏப்ரல்ல" என்றேன்.

ட்வேன் பக்கம் திரும்பினாள். "கையெழுத்து எங்க போடணும்?"

தவணைத் திட்டத்தின் எல்லாப் பக்கத்திலும் அவள் வரிவரியாகப் படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போட்டாள். ஆர்டிஸ் சொன்னது சரிதான், அப்படியே என் நெஞ்சு. கடையிலிருந்து பனியில் நடந்தே போனாள். டிரக்கை அவளுக்குப் பக்கத்தில் மெல்ல ஓட்டிக்கொண்டு கண்ணாடியை இறக்கி, "குளிருதும்மா, ஏறிக்கோ" என்றேன். அவள் திரும்பவில்லை.

ஆக, அதிகாரி, நான் செய்தேன். இரண்டு எண்களையும் நான்தான் தடுத்தேன். தாய் சாகக் கிடக்கிறாள் என்று தெரிந்தும் சொல்லவில்லை, செத்ததையும் சொல்லவில்லை. எதையும் மறுக்கவில்லை. கிளினிக் வாசலில் டிரக்கில் உட்கார்ந்திருந்ததும் உண்மை. பெட்ரோல் பங்கிலிருந்தும் சர்ச் அலுவலகத்திலிருந்தும் கூப்பிட்டதும் உண்மை. அவளுக்கு நூறு கஜத்துக்குள் போகக்கூடாது என்று கோர்ட் சொன்னால் போகமாட்டேன். எங்கே, பேனாவைக் கொடுங்கள்.

நீங்கள் போவதற்கு முன்னால் ஒரே ஒரு விஷயம். நான் வேறு இடங்களிலிருந்து ஏன் கூப்பிட வேண்டியிருந்தது என்று யாருமே கேட்கவில்லை. என் போனிலிருந்து கூப்பிட்டால் அந்த இயந்திரக் குரல் வருகிறது: 'நீங்கள் அழைத்த வாடிக்கையாளர் இப்போது அழைப்புகளை ஏற்பதில்லை.' வீட்டு போனிலும் அதேதான். அவள் அப்படிச் செய்கிற பெண்ணே இல்லை. அவள் இப்போது கூடத் தங்கியிருக்கிற தோழியோ, ட்வேனோ, யாரோ அவள் கணக்குக்குள் கை வைத்திருக்கிறார்கள். நீங்கள் சட்டம் தெரிந்தவர், கொஞ்சம் விசாரியுங்கள். ஒரு பெண்ணையும் அவளைப் பெற்றவனையும் இப்படி ஒரு பொத்தானை அழுத்திப் பிரித்து வைக்க, ஒரு மனுஷனுக்கு எப்படித்தான் மனசு வருகிறதோ.