பட்டியலில் இல்லாத ஆள்

இரவு ஒன்று நாற்பது. ஜெயங்கொண்டம் தாண்டி உடையார்பாளையம் போகிற சாலை. இரண்டு பக்கமும் முந்திரிக்கொல்லை. மாசி மாதம், மரமெல்லாம் பூத்திருந்தது… கண்ணை மூடிக்கொண்டு போனாலும் வாசனையை வைத்தே எங்கே இருக்கிறோம் என்று சொல்லிவிடலாம்.

இது எனக்கு நடந்ததில்லை. பெரம்பலூரில் என்னோடு வேலை பார்த்த முத்தமிழ்செல்வனின் மச்சான் அசோக்குக்கு நடந்தது. வேன் ஓட்டுகிறார். குடிக்க மாட்டார். கதை விடுகிற ஆளும் இல்லை. நானே அவரிடம் இரண்டு முறை கேட்டேன். இரண்டு முறையும் ஒரே மாதிரிதான் சொன்னார்.

இப்போது நாம் பார்த்து முடித்த படம் இருக்கிறதே… அதன் கடைசி நாள் படப்பிடிப்பு அது.

படத்தில் பார்த்தீர்கள். இலங்கையில் போர். எழுத்தாளர், பாடகி, ஓவியர், பேராசிரியர் என்று எட்டுப் பேர். எழுதியதற்காகவும் பேசியதற்காகவும் அவர்களைக் கொல்லத் தேடுகிறார்கள். இரவோடு இரவாகக் கோடியக்கரையில் படகிலிருந்து இறங்குகிறவர்களை ஒரு பள்ளிக்கூட வாத்தியார் வேனில் ஏற்றிவந்து முந்திரிக்கொல்லைக் கொட்டகையில் ஒளித்து வைக்கிறார். எட்டுப் பேரும் பிழைத்துக்கொள்கிறார்கள்.

அந்த வாத்தியார் நிஜ ஆள். இராமலிங்கம். வயது எண்பத்தொன்று. அரியலூரில் மகள் தனத்தோடு இருந்தார். அன்றைக்கு அவர் எழுதிய எட்டுப் பெயர்ப் பட்டியல், கண்ணாடிச் சட்டம் போட்டுக் கூடத்தில் மாட்டியிருக்கும். படப்பிடிப்பைப் பார்க்க அவரையும் அழைத்திருந்தார்கள். வேனில் ஏற்றும்போது தனம் சொல்லியிருக்கிறார்.

"அப்பாவுக்கு ராத்திரில கண்ணு சரியாத் தெரியாதுங்க. நீங்கதான் பத்திரமா கொண்டாந்து சேக்கணும்."

"எம் பொறுப்பும்மா. வாசல்லயே இறக்கி வுட்டுர்றேன்."

போகும்போது வாத்தியார் முன்சீட்டில் அசோக் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். அசோக் சும்மா இருக்காமல் கேட்டார்.

"எல்லாரையும் காப்பாத்திட்டீங்கள்ல சார்?"

"லிஸ்ட்ல இருந்த எட்டுப் பேரையும்."

கொஞ்ச தூரம் போனது. பிறகு அவராகவே சொன்னார்.

"படகுலேர்ந்து இறங்குனது ஒம்பது பேரு, தம்பி. ஒம்பதாவது ஆளு அச்சாபீஸ் கம்பாசிட்டர். அவங்க எழுதுனதையெல்லாம் எழுத்துக் கோத்தவன். அவன் மேல, அச்செழுத்து கழுவுற மண்ணெண்ணெ வாசம். வெரலெல்லாம் கறுப்பு. கொல்லைக்காரர் எட்டுப் பேருக்குத்தான் இடம்னு கண்டிசனா சொல்லியிருந்தாரு. இவன எவன் தேடப்போறான்னு நெனச்சேன். வர்ற வழியில ஒரு வளைவுல இறக்கி வுட்டு, போர்வை ஒண்ணு குடுத்து, 'ஒரு மணி நேரத்துல வந்து கூட்டிக்கிட்டுப் போறேன்'னு சொன்னேன்."

"போனீங்களா சார்?"

"மறுநா மத்தியானம் போனேன். போர்வை மடிச்சு வச்சிருந்துச்சு. ஆளில்ல… பேரு கூட கேக்கல தம்பி."

"டைரக்டர்கிட்ட சொல்லலையா?"

வாத்தியார் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

(கலைமணி, அந்த ஜன்னலைச் சாத்து. காற்று வருகிறது.)

படப்பிடிப்பு முடிய ஒன்றரை ஆகிவிட்டது. பனி. நடிகர்கள் எட்டுப் பேரும் படத்துக்காகக் கொடுத்த பழுப்புப் போர்வையைக் கழற்றவே இல்லை. வாத்தியாருக்கும் ஒன்று கொடுத்திருந்தார்கள். காலை நீட்டிக்கொள்ளலாம் என்று அவர் இந்த முறை கடைசி சீட்டுக்குப் போனார். வேனில் க்ளீனர் கிடையாது. கடைசியாக ஏறுகிறவர் கதவை இழுத்துச் சாத்தி, பாடியை இரண்டு தட்டு தட்டுவார். அசோக் கண்ணாடியில் தலையை எண்ணிவிட்டு வண்டியை எடுப்பார். தலையைத்தான் எண்ணுவார். முகத்தை யார் பார்க்கிறார்கள்?

ஒன்பது. எடுத்தார்.

இரண்டு கிலோமீட்டர் போயிருப்பார்கள், ஒரு வளைவு வந்தது. பின்னாலிருந்து வாத்தியார் குரல்.

"தம்பி, ஒரு நிமிசம் நிறுத்துங்க. ஒண்ணுக்குப் போவணும்."

"பேராசிரியருக்கும் வருதாம்," என்று ஒரு நடிகர் சொல்ல, பேராசிரியராக நடித்தவர், "கைதட்டுனா போறேன்" என்றார். சிரிப்பு. நாலைந்து பேர் இறங்கினார்கள். இருட்டு. முந்திரிப் பூ வாசனை. சருகு மிதிபடுகிற சத்தம்… ஒவ்வொருவராக வந்து ஏறினார்கள். கதவு சாத்திய சத்தம் கேட்டது.

டொக். டொக்.

அசோக் கண்ணாடியைப் பார்த்தார். ஒன்பது போர்வை. ஒன்பது தலை. எடுத்தார்.

அரியலூர் போகிற வழியில் எல்லோரும் தூங்கிவிட்டார்கள். சிமெண்ட் லாரிகள் மட்டும் எதிரே வந்துகொண்டிருந்தன. வாத்தியார் வீட்டு வாசலில் நிறுத்தி, "சார், வூடு வந்துருச்சு" என்றார். கடைசி சீட்டிலிருந்து போர்வை எழுந்து வந்து இறங்கியது. தலையோடு போர்த்தியிருந்தது. கேட்டைத் திறந்தது. வாசல் விளக்கு எரிந்தது; கதவு ஒருக்களித்துத் திறந்திருந்தது. உள்ளே போகிறவரைக்கும் பார்த்துவிட்டுத்தான் அசோக் கிளம்பினார்.

ஊர் எல்லையைத் தாண்டவில்லை. போன் அடித்தது. தனம்.

"அண்ணே, அப்பா எங்கண்ணே?"

"இப்பத்தானம்மா இறக்கி வுட்டேன். உள்ள போனாரே."

"வண்டிச் சத்தம் கேட்டுச்சு. கூடத்துல காலடியும் கேட்டுச்சு. பாலச் சுட வச்சு எடுத்தாந்தேன்… யாருமில்லண்ணே. வூடு பூரா தேடிட்டேன்."

அசோக் ஓரங்கட்டி உள்விளக்கைப் போட்டார். எட்டுப் பேர் கண் கூச எழுந்தார்கள். எட்டும் நடிகர்கள்.

"பின்னாடி வாத்தியார் இருந்தாருல்ல? ஏறுனத யாரு பாத்தீங்க?"

பாடகியாக நடித்த சுகன்யா கடைசிக்கு முந்தின சீட்டில் இருந்தவர்.

"பின்னாடி ஆள் இருந்தாருண்ணே. மூச்சுச் சத்தம் கேட்டுச்சு. வளைவுலேர்ந்தே மண்ணெண்ணெ வாசம் வேற. உங்க வண்டியிலதான் ஏதோ ஒழுகுதுன்னு நெனச்சேன்."

 பத்திரமாகக் கொண்டுவந்து சேர்க்கிறேன் என்று வாக்குக் கொடுத்த ஆளை, கண் தெரியாத எண்பத்தொரு வயதுக் கிழவரை, நடுராத்திரியில் கொல்லைக்காட்டில் விட்டுவிட்டு வந்திருக்கிறார். வண்டியைத் திருப்பினார். எப்படி ஓட்டினார் என்று அவருக்கே நினைவில்லை. வேனில் எட்டுப் பேரும் முன்னால் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தார்கள். கடைசி சீட்டில் உட்கார யாருக்கும் துணிவில்லை.

அந்த வளைவு வந்தது. ஹெட்லைட்டில் முதலில் செருப்புதான் தெரிந்தது. ஜோடியாக, ஒழுங்காக விட்டிருந்தது. அதற்குப் பின்னால் ஒரு முந்திரி மரத்தடியில் வாத்தியார். சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தார். உடம்பெல்லாம் பனி. போர்வையைப் போர்த்திக்கொள்ளவில்லை. நாலாக மடித்து மடியில் வைத்திருந்தார்.

"சார்! சார்… ஏறுங்க சார், போலாம்."

வாத்தியார் நிமிர்ந்து பார்த்தார். அசோக்கை யாரென்று தெரிந்த மாதிரி இல்லை.

"ஒரு மணி நேரம் ஆயிடுச்சா?" என்று கேட்டார்.

தூக்கித்தான் ஏற்ற வேண்டியிருந்தது. அசோக் இந்த முறை முகம் முகமாகப் பார்த்து எண்ணினார். வீட்டில் கொண்டுபோய்க் கட்டிலில் படுக்க வைத்தபோது கிழக்கு வெளுத்திருந்தது. வாத்தியார் இன்றும் இருக்கிறார். சாப்பிடுகிறார், தூங்குகிறார். யார் உள்ளே வந்தாலும் அந்த ஒரே கேள்விதான். வேறு பேச்சில்லை.

அன்று காலை கூடத்தில் மண்ணெண்ணெய் வாசம் போகவே இல்லை. தனம் ஜன்னலையெல்லாம் திறந்து வைத்துவிட்டு, சுவரில் இருந்த பட்டியலைப் பார்த்தார். எட்டாவது பெயருக்குக் கீழே, வெறுமையாக இருந்த இடத்தில், ஒரு கறுப்புக் கட்டைவிரல் ரேகை. அச்சு மை. இன்னும் ஈரமாக மினுங்கியது.

முந்தானையால் துடைத்தார். போகவில்லை. எச்சில் தொட்டுத் துடைத்தார். அசோக்கும் வந்து தேய்த்துப் பார்த்தார்.

ரேகை கண்ணாடிக்கு உள்பக்கம் இருந்தது.